கரை தெரியும் தூரத்தில் கவிழும் பாய்மரப் படகுகள்: வானிலை கெடும்போது நிலம் ஏன் ஆபத்தாகிறது?

பாய்மரப் படகு ஒன்று கரையிலிருந்து இரண்டு, மூன்று கடல் மைல் தொலைவில் கவிழ்ந்தது என்ற வகைச் செய்தி உலகின் ஏதாவது ஒரு கடற்கரையிலிருந்து அடிக்கடி வருகிறது. படிப்பவருக்கு உடனே எழும் கேள்வி நியாயமானதே. கரை கண்ணுக்குத் தெரிந்தது, வானிலை எச்சரிக்கையும் முன்பே வந்திருந்தது. அப்படியானால் அவர்கள் ஏன் நேராகக் கரைக்கு வந்துவிடவில்லை?

கரை என்றால் பாதுகாப்பு, திறந்த கடல் என்றால் ஆபத்து என்ற நம்பிக்கை இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. நல்ல வானிலையில் அந்த நம்பிக்கை பொருந்தும். காற்று வலுக்கத் தொடங்கியபின் கணக்கு மாறிவிடுகிறது: நன்றாகக் கட்டப்பட்ட படகு ஆழமான நீரில் தாங்கிக்கொள்ளும் அதே காற்று, ஆழம் குறைந்த கரையோரத்தில் அதை உடைத்துவிடக்கூடும். இது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, காற்று, அலை, ஏற்றவற்றம், படகின் இயல்பு ஆகிய நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும்.

சில சொற்கள்

கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் செல்லும் வேகத்தை நாட் என்பர். படகின் முன்பகுதி அணியம். படகின் அடியில் எடையுடன் இறங்கியிருக்கும் பாகம் ஏரா. படகு பக்கவாட்டில் நழுவாமலும், சாய்ந்தால் மீண்டும் நிமிரவும் அதுவே உதவுகிறது. பாயின் பரப்பை மடித்துக் கட்டிக் குறைப்பதைப் பாய் சுருக்குதல் என்கிறோம். கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவது ஏற்றவற்றம். அதனால் உண்டாகும் நீரோட்டம் குறுகிய இடங்களில் ஆற்றைப் போல விரைந்து ஓடும்.

காற்றின் எண்ணும் காற்றின் விசையும்

1805-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் வகுத்த காற்று அளவுகோல் இன்றும் கடல்சார் அறிவிப்புகளில் பயன்படுகிறது. இதில் 4 என்பது 11 முதல் 16 நாட் வரையிலான இதமான காற்று. 6 என்பது 22 முதல் 27 நாட். 8 என்பது 34 முதல் 40 நாட் வரையிலான சூறைக்காற்று. எண்களைப் பார்ப்பவருக்கு 8 என்பது 4-இன் இருமடங்கு என்றே தோன்றும். ஆனால் காற்று ஒரு பரப்பின்மீது செலுத்தும் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. 12 நாட் காற்று 36 நாட்டாக வலுத்தால் வேகம் மும்மடங்கு. பாயின்மீது விழும் விசையோ ஒன்பது மடங்கு. மாலைக்குள் காற்று கொஞ்சம் கூடும் என்ற சாதாரணச் சொற்களுக்குப் பின்னால் இருக்கும் பெருக்கம் இதுதான்.

அறிவிப்பில் சொல்லப்படும் எண் சராசரி என்பதையும் மறக்கக் கூடாது. இடையிடையே வரும் வீச்சு சராசரியைவிட 40 சதவீதம்வரை கூடுதலாக இருப்பது இயல்பே. அலை உயரத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அறிவிப்பில் வரும் குறியளவு அலை உயரம், எல்லா அலைகளிலும் பெரிய மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி ஆகும். 2 மீட்டர் என்று அறிவிக்கப்பட்ட கடலில், சில மணி நேரத்துக்குள் 4 மீட்டரை நெருங்கும் தனி அலை வந்தால் அறிவிப்பு பொய்த்ததாகக் கொள்ள முடியாது.

அலைக்கு நிலம் செய்வது என்ன?

ஆழ்நீரில் ஓர் அலை கடந்து செல்லும்போது நீர் ஏறக்குறைய வட்டமாகச் சுழன்று பழைய இடத்துக்கே திரும்புகிறது. அலையின் வடிவம் மட்டுமே முன்னேறுகிறது. படகு மேலேறி, கீழிறங்கி, அலையைக் கடந்துவிடும். அலைநீளத்தின் பாதியைவிட ஆழம் குறையும்போது அலை கடலடியை உணரத் தொடங்குகிறது. 8 விநாடி இடைவெளியுள்ள அலையின் நீளம் ஆழ்நீரில் சுமார் 100 மீட்டர். ஆகவே 50 மீட்டர் ஆழத்திலேயே அதன் மாற்றம் ஆரம்பமாகிறது. கரையை மேலும் நெருங்க நெருங்க அலை வேகம் குறைந்து, நீளம் சுருங்கி, செங்குத்தாக நிமிர்கிறது. அலையின் உயரம் நீரின் ஆழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் தாண்டும்போது உடைந்து விழுகிறது.

உடையாத அலைக்கும் உடையும் அலைக்கும் உள்ள வேறுபாடுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உடையும் அலையின் முகட்டில் இருக்கும் டன் கணக்கான நீர், அலையின் வேகத்திலேயே பக்கவாட்டில் பாய்ந்து வந்து மோதுகிறது. படகின் நீளத்தில் 30 சதவீத உயரமுள்ள உடையும் அலை விலாவில் மோதினால் படகு கவிழக்கூடும் என்பது கடலோடிகள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் ஒரு கணக்கு. 10 மீட்டர் நீளப் படகுக்கு அது வெறும் 3 மீட்டர். ஆழ்நீரில் 3 மீட்டர் உயரத்தில் நீண்டு உருளும் அலையை அதே படகு சலிப்பூட்டும் குலுக்கலாக மட்டுமே கடந்திருக்கும்.

நிலம் செய்யும் குறும்பு இத்துடன் முடிவதில்லை. செங்குத்தான பாறைக் கரையில் மோதித் திரும்பும் அலைகள், வரும் அலைகளோடு கலந்து, எந்தத் திசையிலிருந்து எது வருமென்று கணிக்க முடியாத குதிக்கும் கடலை உண்டாக்குகின்றன. கடலுக்குள் நீண்டிருக்கும் முனைகளைச் சுற்றிக் காற்று நெருக்கப்பட்டு வேகமெடுக்கிறது. ஏற்றவற்ற ஓட்டமும் அதே முனைகளில்தான் மிக விரைவாக ஓடுகிறது.

அந்த ஓட்டம் காற்றுக்கு எதிராகத் திரும்பும் நேரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். எதிரோட்டம் அலைகளை நெருக்கிச் செங்குத்தாக்குகிறது. அலையின் வேகத்தில் கால் பங்கை ஓட்டம் எட்டினால் அலை முன்னேற முடியாமல் அங்கேயே உடைகிறது. 4 விநாடி இடைவெளியில் வரும் குறும் அலைகளின் வேகம் ஆழ்நீரில் சுமார் 12 நாட். 3 நாட் எதிரோட்டமே அவற்றை உடைக்கப் போதுமானது. காலையில் அமைதியாக இருந்த நீரிணை, காற்று சிறிதும் கூடாத நிலையிலும், ஓட்டம் திரும்பியதும் ஒரு மணி நேரத்துக்குள் கடக்க முடியாததாகிவிடுவதற்குக் காரணம் இதுவே.

காற்று தள்ளும் கரை

படகின் ஒருபுறம் கரை இருக்கிறது. காற்று கடலிலிருந்து அந்தக் கரையை நோக்கி வீசுகிறது. இதைக் காற்று தள்ளும் கரை எனலாம். பாய்மரக் காலம் முழுவதும் மாலுமிகள் புயலைவிட அதிகமாக அஞ்சியது இந்த நிலையைத்தான்.

பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிராகச் செல்ல முடியாது. காற்றின் திசைக்குச் சாய்வாக மாறி மாறிச் சென்றுதான் முன்னேற முடியும். நல்ல வானிலையில் அந்தச் சாய்வு 45 பாகை அளவில் இருக்கும். பாயைச் சுருக்கி, ஒவ்வோர் அலையும் அணியத்தைப் பக்கவாட்டில் தள்ளும் கடலில், அது 60 பாகையாகிவிடும். கூடவே படகு 10 பாகை அளவுக்கு நழுவவும் செய்யும். படகு 4 நாட் வேகத்தில் ஓடினாலும் கரையைவிட்டு விலகும் நிகர வேகம் மணிக்கு 1.4 கடல் மைலுக்குக் கீழே போய்விடுகிறது. பாய் ஒன்று கிழிந்தாலோ எதிரோட்டம் ஒன்றரை நாட் இருந்தாலோ அந்த எண் சுழியத்தைத் தொடும். அதன்பின் படகு எவ்வளவு பாடுபட்டாலும் கரை நெருங்கிக்கொண்டே வரும். கட்டுப்பாடிழந்து 2 நாட் வேகத்தில் மிதக்கும் படகுக்கு, 3 கடல் மைல் தொலைவிலுள்ள கரை என்பது ஒன்றரை மணி நேரம்தான்.

1859 அக்டோபர் 25–26 இரவில் ராயல் சார்ட்டர் என்ற கப்பலுக்கு நேர்ந்ததும் இதுவே. மெல்பர்னிலிருந்து லிவர்பூலுக்கு வந்த அந்தக் கப்பல் உலகைச் சுற்றும் தொலைவில் பெரும்பகுதியைக் கடந்து, பயணத்தின் கடைசிக் கட்டத்தில் வேல்ஸின் ஆங்கிள்சி தீவுக் கரையோரம் வந்திருந்தது. அதில் பாய்களோடு நீராவி எந்திரமும் இருந்தது. காற்று திசைமாறிக் கரையை நோக்கித் திரும்பியதும் இரண்டும் பயனற்றுப்போயின. நங்கூரங்கள் இடப்பட்டன, நள்ளிரவுக்குப் பிறகு சங்கிலிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன, காற்று பிடிக்காமலிருக்கப் பாய்மரங்களையே வெட்டித் தள்ளியும் பலனில்லை. கரைக்கு வெகு அருகில், பாறைகளில் மோதி உடைந்த அக்கப்பலில் சுமார் 450 பேர் இறந்தனர். அந்தப் புயலுக்குப் பிறகுதான் பிரிட்டனில் வானிலைப் பணிக்குத் தலைமை வகித்த ராபர்ட் ஃபிட்ஸ்ராய், தந்தி வழியாகத் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் முறையை 1861-இல் தொடங்கினார்.

துறைமுக வாய்

சரி, துறைமுகத்துக்குள் நுழைந்துவிடலாமே? நுழையலாம், நேரம் சரியாக இருந்தால். ஆற்று முகத்தில் அமைந்த துறைமுகங்கள் பலவற்றின் வாயில் மணல்மேடு படிந்திருக்கும். அங்கே ஆழம் திடீரெனக் குறைகிறது. வற்றத்தின்போது உள்ளிருந்து வெளியேறும் நீர், உள்ளே வரும் அலைகளை எதிர்கொள்கிறது. மேலே சொன்ன இரண்டு தீமைகளும், ஆழக் குறைவும் எதிரோட்டமும், ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

இதில் கண்ணை ஏமாற்றும் ஓர் அம்சம் உண்டு. கடலிலிருந்து பார்ப்பவருக்கு அலைகளின் வழவழப்பான முதுகுதான் தெரியும். அவை உடைந்து விழும் முகம் கரைப்பக்கமாகத் திரும்பியிருக்கும். வெளியிலிருந்து அமைதியாகத் தோன்றிய வாய்க்குள் நுழைந்த பிறகே படகோட்டிக்கு உண்மை தெரிகிறது. அப்போது திரும்ப முயன்றால் விலாவை அலைக்குக் காட்ட வேண்டியிருக்கும். திரும்பாவிட்டால் பின்னால் வரும் அலை படகின் பின்புறத்தைத் தூக்கி, அணியத்தை நீருக்குள் குத்தி, படகைக் குறுக்கே சுழற்றிப் போட்டுவிடும். எந்திரங்கள் இந்த இடத்தில் நின்றுபோவதிலும் மர்மம் ஏதுமில்லை. எரிபொருள் தொட்டியின் அடியில் மாதக்கணக்கில் படிந்திருந்த கசடு, குலுக்கலில் கலங்கி வடிகட்டியை அடைத்துக்கொள்கிறது. அல்லது அவசரத்தில் அவிழ்ந்து நீரில் விழுந்த பாய்க்கயிறு ஒன்று உந்துவிசிறியில் சுற்றிக்கொள்கிறது.

பின்காற்று சொல்லும் பொய்

பல விபத்துகளின் தொடக்கம் இன்பமான ஓட்டத்தில் இருக்கிறது. 18 நாட் காற்று பின்னாலிருந்து தள்ள, படகு 6 நாட் வேகத்தில் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேல்தளத்தில் இருப்பவருக்கு முகத்தில் படுவது 12 நாட் காற்று மட்டுமே. வெயில் இதமாக இருக்கிறது, அலைகள் படகோடு சேர்ந்தே ஓடுகின்றன, பாயைச் சுருக்க வேண்டும் என்ற எண்ணமே எழாது. காற்று 25 நாட்டாக உயர்ந்தாலும் படகும் ஓரளவு வேகமெடுப்பதால் உயர்வு முழுதாக உணரப்படாது.

பிறகு ஏதோ ஒரு காரணத்துக்காகத் திரும்ப வேண்டி வருகிறது: நீரில் விழுந்த ஒருவரை மீட்கவோ, வழியை மாற்றவோ. திரும்பிய கணத்தில் படகின் வேகம் காற்றின் வேகத்திலிருந்து கழிவதற்குப் பதில் கூடுகிறது. 12 நாட்டாக உணரப்பட்டது 22 நாட் ஆகிறது. வர்க்கக் கணக்கில் விசை மும்மடங்குக்கு மேல். முழுப் பாயும் விரிந்திருக்க, படகு பக்கவாட்டில் சாய்ந்து, திறந்திருந்த வாயில்களின் வழியே நீர் புகுகிறது. வானிலை அந்த நிமிடத்தில் மாறவில்லை. அது ஒரு மணி நேரத்துக்கு முன்பே மாறியிருந்தது.

முன்கூட்டியே என்ன தெரியும்?

வளிமண்டல அழுத்தம் மூன்று மணி நேரத்தில் எவ்வளவு குறைகிறது என்பது பழைய, நம்பகமான அளவு. பிரிட்டனின் கடல் வானிலை அறிவிப்புச் சொல்முறையில், மூன்று மணி நேரத்தில் 1.6 முதல் 3.5 ஹெக்டோபாஸ்கல் வரை குறைந்தால் சாதாரண இறக்கம், 3.6 முதல் 6 வரை என்றால் வேகமான இறக்கம். 6-க்கு மேல் என்றால் மிக வேகமான இறக்கம். அழுத்தமானியின் முள்ளை மணிக்கொருமுறை குறித்துவைக்கும் பழக்கம் பார்ப்பதற்குப் பழமைவாதமாகத் தோன்றலாம். ஆனால் பிராந்திய அறிவிப்பு உங்கள் தலைக்குமேல் இருப்பதைச் சொல்வதில்லை. அந்த முள் சொல்கிறது.

இடிமேகங்களின் கீழே விழும் குளிர்காற்று இன்னொரு வகை. அது மேகத்துக்கு முன்னே பரவி, சில நிமிடங்களில் 10 நாட்டை 50 நாட்டாக்கிவிடக்கூடும். அழுத்தமானிக்கு இதை முன்பே காட்டும் அவகாசம் கிடைப்பதில்லை. 2024 ஆகஸ்ட் 19 அதிகாலையில் சிசிலித் தீவின் போர்ட்டிசெல்லோ அருகே நங்கூரமிட்டு நின்ற 56 மீட்டர் நீளப் பாய்மரக் கப்பலான பேசியன் இத்தகைய திடீர்ப் புயலில் சாய்ந்து மூழ்கியது. அதிலிருந்த 22 பேரில் 7 பேர் இறந்தனர். பாய்கள் விரிக்கப்படாமலேயே, கரைக்கு அருகிலேயே நடந்த அந்நிகழ்வு, அளவில் பெரிய படகு தானாகவே பாதுகாப்பானது என்ற எண்ணத்தைக் கேள்விக்குள்ளாக்கியது.

வானிலை கெடும்போது முடிவுகளின் வரிசை

எல்லா முடிவுகளுக்கும் ஒரு காலாவதி நேரம் உண்டு. கீழ்க்காணும் வரிசை பெரும்பாலும் இந்த ஒழுங்கிலேயே காலாவதியாகிறது.

1. புறப்படாமலிருத்தல். மிக மலிவானதும் மிகக் கடினமானதும் இதுவே. விடுமுறை முடிகிறது, ஒருவர் வேலைக்குத் திரும்ப வேண்டும், படகை ஒப்படைக்க நாள் குறித்தாகிவிட்டது என்ற காரணங்கள்தான் இந்த முடிவைத் தோற்கடிக்கின்றன. கடலைப் பற்றிய அறியாமை அவ்வளவாக இல்லை.

2. பாயைச் சுருக்குதல். சுருக்க வேண்டுமோ என்ற எண்ணம் முதன்முதலில் தோன்றும்போதே சுருக்கிவிட வேண்டும் என்பது கடலோடிகளின் விதி. 15 நாட்டில் ஐந்து நிமிடத்தில் முடியும் அதே வேலை, 30 நாட்டில் இருவர் ஈரத்தளத்தில் தவழ்ந்து செய்ய வேண்டியதாகிவிடும். எல்லோரும் லைஃப் ஜாக்கெட் அணிந்து, இடுப்புவாரைப் படகோடு இணைத்துக்கொள்வதும், வாயில்களை அடைப்பதும், சமைக்காமல் உண்ணக்கூடியதை எடுத்துவைப்பதும், குமட்டல் மருந்தை விழுங்குவதும் இந்த நேரத்துக்குரியவை. வாந்தி தொடங்கியபின் மாத்திரை உள்ளே தங்குவதில்லை.

3. ஒதுங்குதல். எந்தத் துறைமுகம் அருகில் என்பதைவிட, எந்தத் துறைமுகத்தின் வாய் இந்தக் காற்றுக்கு மறைவாக இருக்கிறது என்பதே சரியான கேள்வி. 20 மைல் தள்ளி, நிலத்தின் மறைவில் ஆழமான வாயுள்ள துறைமுகம், 4 மைலில் காற்றை நோக்கித் திறந்திருக்கும் மணல் வாயைவிட மேலானது. ஒதுங்கி நங்கூரமிடுவதானால், சங்கிலியின் நீளம் ஆழத்தைப்போல ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். ஆழம் என்பது இப்போது காணும் ஆழம் மட்டுமன்று: 6 மீட்டர் நீர், இனி ஏறப்போகும் 2 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து அணியம்வரை 1 மீட்டர் என 9 மீட்டர்; ஆக 45 மீட்டர் சங்கிலி. வேகமாகக் கணக்கிட்டு 30 மீட்டர் மட்டும் விட்டவரின் நங்கூரம் நள்ளிரவு ஏற்றத்தில் பெயர்ந்து இழுபடும்.

4. கடலுக்குள் விலகுதல். ஒதுங்கும் நேரம் கடந்துவிட்டதென்றால் கரையிலிருந்து விலகிச் செல்வதே பெரும்பாலும் பிழைக்கும் வழி. முன்பாயைக் காற்று வரும் பக்கமாக இழுத்துக் கட்டி, சுக்கானை அதற்கு மாறாகப் பூட்டினால், படகு ஏறக்குறைய நின்றநிலையில் மெல்ல மிதக்கும். களைத்தவர்கள் ஓய்வெடுக்க முடியும். ஆனால் இதற்கு இடம் தேவை. மணிக்கு 1.5 கடல் மைல் நழுவும் படகு 10 மணி நேரப் புயலில் 15 கடல் மைல் நகர்ந்துவிடும். காற்று தள்ளும் பக்கத்தில் அவ்வளவு கடல் இல்லையென்றால் இந்த உபாயத்தைக் கையாள முடியாது.

நான்காவது முடிவுதான் கரையிலிருந்து செய்தியைப் படிப்பவருக்கு விளங்காதது. கரை தெரிந்தும் படகு கடலுக்குள் திரும்பியது என்பது பல நேரங்களில் குழப்பத்தின் அடையாளமாக எழுதப்படுகிறது. அதுவே அந்தப் படகோட்டி அன்று எடுத்த ஒரே சரியான முடிவாகவும் இருந்திருக்கலாம்.

உதவி கேட்கும் நேரம்

6 நாட் வேகத்தில் ஓடும் படகு ஒரு நிமிடத்தில் 185 மீட்டர் சென்றுவிடும். 2 மீட்டர் அலைகளுக்கிடையே அந்தத் தொலைவில் ஒரு தலை தெரிவது அரிது. ஆகவே விழுந்தவரை மீட்பதைப் பற்றிய பாடங்கள் அனைத்தும் விழாமலிருப்பதில்தான் தொடங்குகின்றன. குளிர்ந்த நீரில் முதல் நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்துவதிலேயே போகும். ஏறக்குறைய பத்து நிமிடங்களுக்குப் பிறகு கைவிரல்கள் கயிற்றைப் பிடிக்க மறுக்கும்.

உதவி கோரும் அழைப்பில் இரண்டு நிலைகள் உண்டு. உயிருக்கோ படகுக்கோ உடனடி ஆபத்து என்றால் வி.எச்.எஃப். வானொலியின் 16-ஆவது தடத்தில் மேடே என்று மூன்று முறை சொல்லி, படகின் பெயர், இருக்குமிடம், நேர்ந்தது, ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கூற வேண்டும். எந்திரம் நின்றுவிட்டது, ஆனால் இன்னும் மிதக்கிறோம் என்பது போன்ற நிலைக்குப் பான்-பான் என்ற அழைப்பு இருக்கிறது. பலர் மேடே சொல்ல நேரும்வரை தயங்கி, பான்-பான் கட்டத்தைத் தவறவிடுகிறார்கள். மீட்புப் படகு புறப்பட்டு வந்துசேர ஒரு மணி நேரம் ஆகுமென்றால், காற்று தள்ளும் கரைக்கு ஒன்றரை மணி நேரத் தொலைவில் மிதக்கும் படகுக்குத் தயங்குவதற்கு எஞ்சியிருப்பது அரை மணி நேரமே. கைப்பேசியை நம்புவதிலும் சிக்கல் இருக்கிறது. அது ஒருவரை மட்டுமே அழைக்கும். வானொலி அழைப்பை அரை மைல் தள்ளிச் செல்லும் சரக்குக் கப்பலும் கேட்கும்.

படகைக் கைவிடுவது எப்போது?

1979 ஆகஸ்டில் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன. முன்னறிவித்ததைவிடக் கடுமையான புயல் குறுக்கிட, 15 பந்தய மாலுமிகள் இறந்தனர். 24 படகுகளை அவற்றிலிருந்தவர்கள் கைவிட்டனர். புயல் ஓய்ந்தபின் எண்ணிப் பார்த்தபோது, மூழ்கியவை 5 மட்டுமே என்றும், ஆளற்றுக் கைவிடப்பட்ட மற்ற 19 படகுகளும் மிதந்துகொண்டிருந்து மீட்கப்பட்டன என்றும் தெரியவந்தது. இறந்தவர்களில் சிலர், இன்னும் மிதந்துகொண்டிருந்த படகைவிட்டு உயிர்காப்பு மிதவைக்கு மாறியபின் உயிரிழந்தவர்கள். காற்றடைத்த மிதவைக்கு ஏராவும் இல்லை, சுக்கானும் இல்லை. உடையும் அலையில் அது படகைவிட எளிதாகப் புரளும், தேடுவோரின் கண்ணுக்கும் படகைவிடச் சிறியதாகவே தெரியும். படகிலிருந்து மிதவைக்கு மேல்நோக்கி ஏற வேண்டிய நிலை வரும்வரை, அதாவது தளம் நீர்மட்டத்துக்குக் கீழே போகும்வரை, படகிலேயே இருக்க வேண்டும் என்று இன்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரப்படுவது இந்தக் காரணத்தால்தான். இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு: படகு தீப்பிடித்தால், காத்திருப்பதற்கு எதுவும் இல்லை.